வீட்டில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றி முன்னாள் படைவீரரிடம் பேசுவது எப்படி? நர்ஸ்களும் டாக்டர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் நர்சிங் படித்தவள் நான். டெக்சாஸில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேரும்வரை, துப்பாக்கியை நான் பக்கத்தில் பார்த்தது வங்கி வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியின் மடியில்தான். இப்போது என் வேலையில் ஒரு பகுதியே, தற்கொலையைத் தடுக்க, வீட்டுத் துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பது பற்றி முன்னாள் படைவீரரிடம் எப்படிப் பேசுவது என்று, புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கும் இளம் டாக்டர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுப்பது. ஒவ்வொரு முறையும் நாலைந்து தமிழர்கள் இருப்பார்கள். வகுப்பில் வாய் திறக்க மாட்டார்கள். சாப்பாட்டு மேசையிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து கேட்பார்கள். கேள்விகள் வருடா வருடம் அதேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். "வி.ஏ." என்று வரும் இடமெல்லாம் அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் நலத் துறை.

"இது போலீஸ் பார்க்க வேண்டிய விஷயம் இல்லையா அக்கா? ஆஸ்பத்திரியில நாம ஏன் கேக்கணும்?"

2022இல் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் இறந்தார்கள் என்பது வி.ஏ. கணக்கு. ஒரு நாளைக்குப் பதினேழு பதினெட்டுப் பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கியால் இறந்தவர்கள். படையில் இல்லாத மற்ற அமெரிக்கர்களிடம் இந்தப் பங்கு பாதியை ஒட்டித்தான் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்திருப்பவர்களில் மூன்றில் ஒருவர், ஒரு துப்பாக்கியையாவது தோட்டா நிரப்பிப் பூட்டாமல் வைத்திருக்கிறார்.

போலீஸ் வருவது எல்லாம் முடிந்த பிறகு. தூக்கம் வரவில்லை, முதுகு வலிக்கிறது, மனைவி பிரிந்துபோய்விட்டாள் என்று அவர் முதலில் வந்து உட்காருவது நம் முன்னால்.

"சாகணும்னு முடிவு பண்ணினவர் வேற வழி தேடிக்க மாட்டாரா? பூட்டு போட்டு என்ன ஆகப்போகுது?"

எல்லாக் கேள்விகளிலும் அதிகமாக வருவது இதுதான். நியாயமான கேள்வியும்கூட. முடிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் முடிவாக இருப்பதில்லை, ஓர் அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பிழைத்தவர்களிடம் கேட்டால், நினைப்பு முற்றியதிலிருந்து செயலில் இறங்கியது வரை சில நிமிடங்கள்தான் என்று கணிசமான பேர் சொல்கிறார்கள். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி அந்த இரண்டாவது வாய்ப்பை அநேகமாகக் கொடுப்பதில்லை என்பதுதான் அதில் உள்ள தனிச் சிக்கல்.

இஸ்ரேல் ராணுவம் 2006இல் ஒரு சின்ன மாற்றம் செய்தது. வார இறுதியில் வீட்டுக்குப் போகும் இளம் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்றார்கள். அந்த வயதினரிடம் தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. குறைந்தது வார இறுதியில்தான். அதற்கு ஈடாக வார நாட்களில் கூடியதா என்றால், இல்லை. "வேறு வழி தேடுவார்கள்" என்ற வாதம் அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 1990களின் நடுவில் உலகத்திலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. கடலூர் மாவட்டக் கிராமங்களில் விவசாயிகளின் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், வங்கி லாக்கர் போல் ஊர்ப் பொதுவில் வைத்துப் பூட்டும் முயற்சியை டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் நடத்தினார்கள். என் வகுப்பில் தமிழ் நர்ஸ்களிடம் அதைச் சொன்னால் போதும், முகம் மாறிவிடும். பூச்சிமருந்து டப்பாவைப் பரணில் ஒளித்து வைத்த அம்மாவோ அத்தையோ ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. இங்கே டப்பாவுக்குப் பதில் துப்பாக்கி.

"எனக்குத் துப்பாக்கியைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே. அவர் நாற்பது வருஷமா வச்சிருக்கார். என்னைப் பாத்துச் சிரிக்க மாட்டாரா?"

தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டால் சிரிப்பார். தெரியாது என்று ஒத்துக்கொண்டால் சொல்லிக் கொடுப்பார். என் அனுபவத்தில் இந்தப் பேச்சு நன்றாக நடந்த பாதி நேரம், அவர் ஆசிரியராகவும் நான் மாணவியாகவும் உட்கார்ந்திருந்த நேரம்தான்.

ஆனாலும் நாலு பொருளின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும். கேபிள் பூட்டு என்பது பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. தோட்டாவையெல்லாம் எடுத்துவிட்டு, குண்டு போகும் பாதைக்குள் அதை நுழைத்துப் பூட்டினால் துப்பாக்கியில் தோட்டா போடவே முடியாது. வி.ஏ. மருத்துவமனைகளில் இது இலவசம். கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள். விசையை மூடிப் பூட்டுவது டிரிகர் பூட்டு. தோட்டா நிரப்பிய துப்பாக்கியில் அதைப் போடவே கூடாது. லாக் பாக்ஸ் என்பது கைத்துப்பாக்கி கொள்ளும் சின்ன இரும்புப் பெட்டி. எண் போட்டோ விரல் வைத்தோ திறப்பது. சேஃப் என்பது பீரோ அளவுக்கு இருக்கும், வேட்டைத் துப்பாக்கிகளையும் வைக்கலாம். இவை தவிர, தோட்டாவை வேறு இடத்தில் வைப்பது, துப்பாக்கியின் ஒரு பாகத்தைக் கழற்றி வேறு யாரிடமாவது கொடுத்துவைப்பது என்று இன்னும் வழிகள் உண்டு. ஒரு சனிக்கிழமை துப்பாக்கிக் கடை ஒன்றுக்குப் போய்ப் பூட்டுகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். புத்தகத்தில் படிப்பதைவிட அது நன்றாகப் பதியும். கடைக்காரர்கள் எதிரிகள் என்று நினைக்க வேண்டாம். 2009இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி இறந்தார்கள். அதற்குப் பிறகு தற்கொலைத் தடுப்பு வேலையில் அங்கே முன்னால் வந்து நின்றவர்களில் அந்தக் கடையின் உரிமையாளரும் ஒருவர்.

"பயிற்சின்னா என்ன, வீடியோ பாத்துட்டு கிளிக் பண்றதுதானே?"

பாதி அப்படித்தான். நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய 'கால்ம்' என்ற பயிற்சி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். வி.ஏ. தன் ஊழியர்களுக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறது. எண்களும் காரணங்களும் அதில் தெரிந்துவிடும். தெரியாமல் போவது வாயால் பேசும் விதம். அதனால் நான் வகுப்பில் நடித்துப் பார்க்கச் சொல்வேன்: ஒருவர் நர்ஸ், ஒருவர் கோபக்கார முன்னாள் கடற்படை வீரர். முதல் தடவை எல்லோரும் உளறுவார்கள். மூன்றாவது தடவை சரியாகிவிடும். கண்ணாடி முன்னாலோ கணவரிடமோ பேசிப் பார்த்தாலும் போதும்.

"சரி, எப்படித்தான் ஆரம்பிக்கிறது? முதல் வாக்கியம் சொல்லுங்க."

"உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். விசாரணை மாதிரி இருக்கும். நான் சொல்வது ஏறக்குறைய இப்படி: "இங்கே வருபவர்களில் நிறையப் பேர் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள். மனசு ரொம்பக் கனமாக இருக்கும் நாட்களில் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று எல்லோரிடமும் பேசுவோம். உங்களிடமும் பேசலாமா?" கடைசியில் வரும் "லாமா"தான் முக்கியம். அனுமதி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த ஐந்து விநாடி அமைதியைத் தாங்க முடியாமல் நம் ஆட்கள் அறிவுரையைத் தொடங்கிவிடுவார்கள்.

நம்மிடம் உள்ள பழக்கம் அது. நம் ஊரில் டாக்டர் "உப்பைக் குறைங்க" என்பார். நாமும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வோம். டாக்டரும் சொல்லியாயிற்று, நாமும் கேட்டாயிற்று. இந்த விஷயத்தில் அந்தத் தலையாட்டல் ஆபத்தானது. "துப்பாக்கியை அப்புறப்படுத்துங்கள்" என்று நீங்கள் உத்தரவு போட்டால் அவர் "சரி மேடம்" என்பார், படையில் பழகிய ஆள். வீட்டில் ஒன்றும் மாறாது. ஆகவே வழியை அவரே சொல்லவேண்டும். "உங்கள் படையில் ஒருவர் இந்த நிலையில் இருந்தால் அவருடைய துப்பாக்கிக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே சரியான பதிலைச் சொல்லிவிடுவார். படையில் ஆயுதக் கிடங்கு, பூட்டு, கையெழுத்து எல்லாம் அவர்களுக்குப் பழகியவை.

இன்னொன்று, வார்த்தைகள். "கட்டுப்பாடு", "பறிமுதல்", "விட்டுக்கொடுப்பது" இவற்றைச் சொல்லாதீர்கள். "பத்திரமாக வைப்பது", "கொஞ்ச நாளைக்கு", "நிலைமை சரியாகும்வரை" என்று சொல்லுங்கள்.

"தற்கொலைன்னு நாமே வாயைத் திறந்து கேட்டா, இல்லாத நினைப்பைக் கிளப்பின மாதிரி ஆகாதா?"

ஆகாது. இதைப் பல ஆய்வுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேட்டதால் நினைப்பு கூடவில்லை. கேட்டதும் பெருமூச்சு விட்டு "இத்தனை நாளில் யாரும் கேட்கவில்லை" என்றவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நேராகக் கேளுங்கள். "தப்பா ஒண்ணும் நினைக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நீங்களே அவர் வாயில் வைக்கிறீர்கள்.

"ஃப்ளோரிடால டாக்டர் துப்பாக்கியைப் பத்திக் கேட்டா லைசென்ஸ் போயிடும்னு சொல்றாங்களே?"

பழைய கதை. ஃப்ளோரிடா 2011இல் அப்படி ஒரு சட்டம் போட்டது உண்மை. 2017 பிப்ரவரியில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்பதைத் தடுக்கும் பகுதியைச் செல்லாது என்றது. நோயாளியின் உடல்நலத்துக்காகக் கேட்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை.

"'உங்ககிட்ட சொன்னா கவர்மென்ட் என் துப்பாக்கியைப் புடுங்கிடும்'னு சொல்றார். என்ன பதில் சொல்றது?"

உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் முழு உண்மையை. துப்பாக்கி இருக்கிறது என்று நர்ஸிடம் சொன்னதற்காக யாரும் வந்து எடுத்துப் போக மாட்டார்கள், வி.ஏ.வுக்கு அந்த அதிகாரமும் இல்லை. தானாக விரும்பிச் சிகிச்சைக்குச் சேர்ந்தால் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி உரிமை போகாது. சட்டப்படி கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் நிலைமை வேறு. அப்படிச் சேர்க்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே குறுக்கே வரும். "எதுவுமே நடக்காது" என்று மொத்தமாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு ஒன்று நடந்தால் அவர் மட்டுமல்ல, அவருடைய நண்பர்கள் பத்துப் பேரும் இந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு வேர் உண்டு, வெறும் வதந்தி என்று தள்ளாதீர்கள். தன் உதவித்தொகையைத் தானே நிர்வகிக்க முடியாதவர் என்று வி.ஏ. முடிவு செய்தவர்களின் பெயர், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் பட்டியலுக்குப் பல வருடங்கள் போய்க்கொண்டிருந்தது. நீதிமன்றம் சொல்லாமல் அப்படி அனுப்பக்கூடாது என்று 2024 மார்ச்சில் வந்த நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் தடுத்தது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, "நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது" என்று தொடங்கினால் பேச்சு நகரும். குறிப்பேட்டில் என்ன எழுதப்போகிறீர்கள் என்பதையும் அவரிடமே காட்டிவிடுங்கள். பேசினோம், இன்ன திட்டம் போட்டோம் என்று எழுதினால் போதும். மாடலும் வரிசை எண்ணும் நமக்கு எதற்கு?

"வீட்டுக்குத் திருடன் வந்தா பூட்டைத் திறந்துட்டா இருக்கறதுன்னு கேக்கறார். அதுக்கு?"

அவர் கவலையை விவாதத்தால் வெல்லப் பார்க்காதீர்கள். போர்முனையில் இருந்து வந்தவருக்கு இரவு என்பது நமக்கு இருக்கும் இரவு இல்லை. விரைவாகத் திறக்கும் லாக் பாக்ஸ் சில விநாடிகளில் திறந்துவிடும். ஒன்றை மட்டும் அதில் வைத்து, மற்றவற்றை வெளியே கொடுத்துவைக்கலாம் என்று சிலர் ஒத்துக்கொள்வார்கள். அபாயம் குறைவாக இருக்கும் நாட்களில் இது நல்ல ஏற்பாடு. நிலைமை மோசமாக இருந்தால் போதாது. அப்போது கேட்க வேண்டியது: "இந்த மாதம் உங்களுக்கு அதிக ஆபத்து வெளியிலிருந்தா, உள்ளிருந்தா?" இதை எல்லோரிடமும் கேட்க முடியாது. நம்பிக்கை வந்த பிறகு கேட்கலாம்.

"பூட்டு கொடுத்தோம், சாவி அவர் பாக்கெட்லயே இருக்கு. இதுல என்ன பிரயோஜனம்?"

இருக்கிறது. முதலிலேயே சொன்ன அலையை நினைத்துக்கொள்ளுங்கள்: சாவி தேடும் இரண்டு நிமிடமும் நிமிடம்தான். வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் அது காவல். ஆனால் அபாயம் கூடக்கூட, சாவியும் தூரம் போக வேண்டும். மனைவி பெட்டியைத் திறக்கும் எண்ணை மாற்றி வைத்துக்கொள்ளலாம். சாவியை அண்ணன் வீட்டில் கொடுக்கலாம். இன்னும் நல்லது துப்பாக்கியே கொஞ்ச நாள் வீட்டைவிட்டு வெளியே இருப்பது: உறவினர் வீடு, சில துப்பாக்கிக் கடைகள், சுடும் பயிற்சித் திடல்கள், சில காவல் நிலையங்கள். கொலராடோ போன்ற மாநிலங்களில் எங்கெல்லாம் வாங்கி வைப்பார்கள் என்று வரைபடமே போட்டிருக்கிறார்கள். போகும் முன் போன் செய்து கேட்டுவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. சில மாநிலங்களில் நண்பரிடம் தற்காலிகமாகக் கொடுப்பதற்கும் பின்னணிச் சோதனை தேவை. வாங்கி வைப்பவர் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவராகவும் இருக்கவேண்டும். உங்கள் மாநில விதியைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். அப்புறம், "அடுத்த தடவை இங்கே கொண்டுவந்து கொடுக்கிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. வி.ஏ. வளாகத்துக்குள் துப்பாக்கி கொண்டுவருவது குற்றம். மனம் திருந்தி வந்த ஆளை வாசலில் காவலர்கள் மடக்கும் காட்சி நமக்கு வேண்டாம். அன்றே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

"மனைவி தனியா போன் பண்ணி 'இவர் நடவடிக்கை சரியில்லை, பெட் பக்கத்துல துப்பாக்கி இருக்கு'ன்னு அழறாங்க. நோயாளி விவரத்தை வெளியே சொல்லக்கூடாதுன்னு ஹிப்பா சட்டம் இருக்கே, பேசலாமா?"

கேட்கலாம். அந்தச் சட்டம் நம் வாயைத்தான் கட்டுகிறது, காதை இல்லை. கணவருடைய சிகிச்சை விவரத்தைச் சொல்லாமல், மனைவி சொல்வதைக் கேட்டு, பூட்டு வகைகளைப் பற்றிப் பொதுவாகச் சொல்லலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால், தடுக்கக்கூடியவருக்குத் தேவையானதைச் சொல்லவும் சட்டம் இடம் தருகிறது. மனைவிக்கே ஆபத்தா, அடி உதை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அப்படி இருந்தால் துப்பாக்கியை அவர் கையால் எடுத்து ஒளிக்கச் சொல்வது அவருக்கே வினையாகலாம். உடனே சமூகப் பணியாளரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

20க்கும் மேற்பட்ட மாநிலங்களில், குடும்பத்தாரோ போலீஸோ நீதிமன்றத்தில் கேட்டுத் தற்காலிகமாகத் துப்பாக்கியை அகற்றும் சட்டம் இருக்கிறது. டெக்சாஸில் இல்லை. இருக்கும் இடத்திலும் அது கடைசி வழி.

"எதுக்குமே ஒத்துக்கல. பூட்டும் வேண்டாம், யார்கிட்டயும் கொடுக்கவும் மாட்டாராம். நான் தோத்துட்டேனா?"

இல்லை. முதல் முறையே சம்மதம் கிடைப்பது அபூர்வம். சின்னதாக ஒன்று கேளுங்கள்: தோட்டாவை மட்டும் கார் ஷெட்டில் வைக்கலாமா? படுக்கையிலிருந்து அலமாரிக்கு மாற்றலாமா? அதுவும் இல்லையென்றால், "அடுத்த தடவை இதைப் பற்றி மறுபடி கேட்கலாமா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பூட்டைப் பையில் போட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு.

ஆனால் "இன்று இரவு" என்று திட்டத்தோடு இருப்பவரிடம் இந்தப் பேரம் செல்லாது. அவரைத் தனியே விடாமல், அவசரப் பிரிவுக்கு அனுப்பும் முறையைத் தொடங்குங்கள். 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான உதவி எண் கிடைக்கும். இரவு பகல் எந்நேரமும். குடும்பத்தாரும் அழைக்கலாம், தயங்கி நிற்கும் நர்ஸும் அழைக்கலாம்.

"நான் வி.ஏ.லயே இல்லை, ஊர்ல ஒரு சாதாரண கிளினிக். இது எனக்கும் பொருந்துமா?"

உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். தற்கொலையால் இறந்த முன்னாள் படைவீரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அண்மையில் வி.ஏ. பக்கமே போகாதவர்கள். "நீங்கள் முன்னாள் படைவீரரா?" என்று கேட்காமல், "எப்போதாவது ராணுவத்தில் இருந்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். போருக்குப் போகாதவர்களும் பெண்களும் முதல் கேள்விக்கு "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். 2023 ஜனவரி முதல், தற்கொலை நெருக்கடியில் இருக்கும் தகுதியுள்ள முன்னாள் படைவீரர், வி.ஏ.வில் பதிவு செய்யாதவராக இருந்தாலும், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அவசரச் சிகிச்சைச் செலவை வி.ஏ. ஏற்கிறது. பில்லுக்குப் பயந்து வீட்டிலேயே இருப்பவரிடம் இதை முதலில் சொல்லுங்கள். உங்களுக்கே குழப்பம் என்றால், டென்வரை அடுத்து உள்ள வி.ஏ. தற்கொலைத் தடுப்பு மையத்தில், எந்த ஊர்ச் சிகிச்சையாளரும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

"கொடுத்து வச்சதைத் திருப்பிக் கேட்டா என்ன பண்றது? எப்போ கொடுக்கலாம்னு யார் சொல்றது?"

கொடுத்துவைக்கும் அன்றே பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. பேசாமல் விட்டால், வாங்கி வைத்த மச்சான்தான் மாட்டிக்கொள்வார். என்ன மாறினால் திரும்ப வாங்கலாம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்: இரவில் ஆறு மணி நேரம் தூக்கம், குடி நின்று இத்தனை வாரம், கவுன்சலிங்குக்குத் தவறாமல் வந்தது, இப்படி. சட்டப்படி அது அவருடைய பொருள், நாம் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. கடையில் ஒப்படைத்திருந்தால் திரும்ப வாங்கும்போது பின்னணிச் சோதனை நடக்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்.

நான் பார்த்த ஒருவர், மச்சான் வீட்டில் வைத்திருந்த மான் வேட்டைத் துப்பாக்கியை நவம்பரில் வாங்கிக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து அவரே கொண்டுபோய்த் திரும்ப வைத்துவிட்டார். நான் காரணம் கேட்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டே, "டிசம்பர் எனக்கு ஆகாத மாசம்" என்று அவராகத்தான் சொன்னார்.